தேக்கடியில் படகு மட்டும் போதுமா, காட்டுக்குள் நடக்கவும் வேண்டுமா?

கேள்வி: டிசம்பர் லீவில் குடும்பத்தோடு தேக்கடி போகிறோம். பிள்ளைகளுக்கு 13, 15 வயது. அம்மாவுக்கு 64. படகில் ஏறி இறங்கினால் போதும், வாட்சரோடு காட்டுக்குள் நடப்பதெல்லாம் வீண், ஒரு மிருகமும் கண்ணில் படாது என்கிறார் மாமா. போனவர்கள் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 9, இரவு

மாமா சொல்வதில் பாதி சரி. மிருகம் பார்ப்பதுதான் குறி என்றால் படகே மேல். கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானைக் கூட்டம் படகில் இருந்துதான் தெரியும். நடக்கும்போது புதரும் மூங்கிலும் மறைத்துக்கொள்ளும், நம் காலடிச் சத்தம் நமக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிடும்.

ஆனால் வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம். குமுளி மலை எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. சின்ன வயதில் இருந்து ஏழெட்டுத் தடவை அந்தப் படகில் போயிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, மான், யானை, நீர்க்காகம் என்று எண்ணிவிட்டு, கீழே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவோம். காட்டைப் பார்த்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவை நடந்து உள்ளே போனபோதுதான், அதுவரை ஏரியை மட்டும் பார்த்திருக்கிறேன் என்று புரிந்தது.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் நடை, மதியம் படகு. நடைக்குச் சின்னச் சின்னக் குழுவாகத்தான் கூட்டிப் போவார்கள், ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. டிசம்பர் லீவில் முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் இடம் கிடைக்காது. அம்மாவைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

2024 நவம்பர் 10

அம்மா. நடை சுமார் மூன்று மணி நேரம், நான்கைந்து கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, பாதைதான் சமமில்லை. வேர், சரிவு, வழுக்கும் இலை. தினமும் நடக்கிற பழக்கம் இருந்தால் வரலாம். முழங்கால் வலி இருந்தால் படகோடு நிறுத்திக்கொள்ளட்டும். நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் குழு முழுவதும் திரும்ப வேண்டி வரும்.

சரி, நடை எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஏரியின் ஒரு கிளையை மூங்கில் தெப்பத்தில் கடந்தோம். இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டியிருந்தது, அதைப் பிடித்து இழுத்தே தெப்பம் நகர்ந்தது. எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பச்சைச் சட்டை, இடுப்பில் ஒரு சின்னக் கத்தி, கையில் எதுவும் இல்லை. ஏறும் முன்னால் மூன்றே விஷயம் சொன்னார். "நான் நின்னா நில்லுங்க. நான் கையத் தூக்கினா பேசாதீங்க. ஓடச் சொன்னா மட்டும் ஓடுங்க."

முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட வந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு வழிகாட்டி ஒரு மரத்தின் முன்னால் நின்றார். பட்டையில் ஆள் உயரத்துக்கு மேல் கீறல்கள். "கரடி. தேனுக்கு ஏறியிருக்கு. எறங்கும்போது சறுக்கிருக்கு பாருங்க." கீறல் மேலே குட்டையாகவும் கீழே நீளமாகவும் இருந்தது. அவர் சொல்லும்வரை எனக்கு அது வெறும் பழைய மரம்.

அதற்குப் பிறகு நான் தரையைப் பார்த்தே நடந்தேன். யானை லத்தியை அவர் குச்சியால் கிளறினார், உள்ளே இன்னும் ஈரம், மூங்கில் நார். நேற்று இரவுதான் போயிருக்கிறது என்றார். மேலே கிளைப் பிரிவில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய கூடு. பருந்துக் கூடா என்று கேட்டேன். மலையணில் கட்டியதாம். ஒரே அணில் பல கூடு கட்டி வைத்துக்கொள்ளும், இன்றைக்கு எதில் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த அணிலே வந்தது. வால் மட்டும் என் கை நீளம்.

இருவாட்சி பறந்ததைப் பார்க்கும் முன்பே கேட்டோம். சிறகடிக்கும் சத்தம் ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுவது போல வந்தது. அவர் கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றோம். தலைக்கு மேலே கடந்து போயிற்று. கடிகாரம் பார்த்தவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

யானை? பார்க்கவில்லை. ஒரு இடத்தில் காட்டெருமை நான்கு, தூரத்தில், புல்வெளி ஓரத்தில். அவ்வளவுதான். மாமா கேட்டால் இதை மட்டும் சொல்லாதீர்கள்.

2024 நவம்பர் 10, பின்னிரவு

திருத்தம். காட்டெருமை என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார், நியாயம்தான். அது எருமை இனமே இல்லை. காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்குமே, அதுதான். சங்கப் பாட்டில் வரும் 'ஆமா' இதுதான். வழிகாட்டியும் காட்டுமாடு என்றுதான் சொன்னார், வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும் நான் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டேன்.

2024 நவம்பர் 11

ஏரியில் நிற்கும் பட்டமரங்கள் போன வறட்சியில் காய்ந்தவையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூற்று முப்பது வருடத்தை நெருங்குகிறது, இன்னும் சில நிற்கின்றன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைப்பது அவற்றின் உச்சியில்தான்.

அணை வழக்கைப் பற்றி இங்கே யாரும் தொடங்க வேண்டாம். அதற்கு வேறு இடம் உண்டு.

2024 நவம்பர் 13

இதை நடத்துவது யார், அரசா தனியாரா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

இடம் பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர், 1978இல் புலிகள் காப்பகம் ஆனது. நிர்வாகம் கேரள வனத்துறை. ஆனால் உங்களைக் கூட்டிப்போவதும், தெப்பம் தள்ளுவதும், இரவில் கூடவே நடப்பதும் காட்டை ஒட்டி வாழும் மக்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழுக்கள். சூழல் மேம்பாட்டுக் குழு என்று பெயர், அங்கே எல்லோரும் ஈ.டி.சி. என்பார்கள். 1996இல் உலக வங்கி உதவியோடு நாட்டில் ஏழு காடுகளில் ஒரு சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். ரந்தம்போர், கிர், நாகரஹொளெ எல்லாம் அதில் உண்டு, பெரியாறும் ஒன்று. திட்டத்தின் பணம் தீர்ந்த பிறகும் இங்கே குழுக்கள் கலையவில்லை. 2004இல் பெரியாறு அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தி, வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை கூடுதலாக வாங்கி, அதில் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். பின்னால் 2006இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்றே எழுதினார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குமுளிப் பக்கம் வயணாப் பட்டை உரிக்கிறவர்கள் இருந்தார்கள். வயணா இலவங்க வகை மரம். பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றார்கள், வேட்டையும் உண்டு, வழக்குகளும் உண்டு. 1998இல் அவர்களில் 23 பேர் வனத்துறையோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வழக்குகளைக் கைவிடுவது, பதிலுக்கு அவர்கள் காட்டைக் காவல் காப்பது. எந்த வழியாகக் கடத்துவார்கள், எங்கே ஒளிந்திருப்பார்கள் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்கள்தான் புலித்தடம் என்று சொல்லப்படும் நடையை நடத்துகிறார்கள். காட்டுக்குள் கூடாரத்தில் ஒரு இரவோ இரண்டு இரவோ தங்கலாம், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் வருவார். பயணிகள் நடக்கும் அதே நடைதான் ரோந்தும். நம்மால் வரும் வருமானம் காவலுக்குச் சோறு போடுகிறது.

திருடனே காவல்காரன் ஆன கதை. நான் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வேன்.

2024 நவம்பர் 14

அட்டை. மழை பெய்து முடிந்த மாதங்களில் கட்டாயம் ஏறும். முழங்கால்வரை கட்டிக்கொள்ளும் துணி உறை அங்கேயே தருவார்கள், பேண்ட் மேல் மாட்டி இறுக்கிக் கட்டுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து எறிய வேண்டாம், உப்பு வைத்தால் தானாக விழும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுகிறது, அதனால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், பயப்பட மாட்டார்கள்.

வெள்ளை, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். சென்ட் வேண்டாம். பிளாஸ்டிக் பை கொண்டுபோக விடமாட்டார்கள். வண்டியை ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் உள்ளே போக வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

2024 நவம்பர் 17

13ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். திருடனே காவல்காரன் ஆன கதை என்று எழுதியது இரண்டு நாளாக உறுத்துகிறது.

போன வருடம் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். நான் ஏதோ பாராட்டுவதாக நினைத்து இதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "திருடன்னு சொல்றது பத்திரிகைல எழுதுறதுக்கு நல்லாருக்கும் தம்பி. அன்னைக்கு வீட்ல அடுப்பு எரியணும், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் பேச்சை மாற்றி, பட்டை உரிக்கப் போகும் இரவுகளில் யானைக்கு எந்தப் பக்கம் காற்று என்று எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் மண்ணைக் கையில் எடுத்து விரல் வழியே விட்டுப் பார்ப்பார்களாம். இன்றைக்குப் பயணிகளைக் கூட்டிப் போகும்போதும் அதையேதான் செய்கிறார்.

அந்த வேலையை விட்டதற்காக மட்டும் அவரை மதிக்க வேண்டியதில்லை. அந்த வேலை அவருக்குக் கொடுத்த கண் இருக்கிறதே, அதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர முடியாது. மூன்று மணி நேரம் அந்தக் கண்ணை நமக்குக் கடன் தருகிறார். அதற்குத்தான் பணம் கொடுக்கிறோம். முதல் நாளே மாமாவுக்கு இதைத்தான் பதிலாக எழுதியிருக்க வேண்டும்.

2024 நவம்பர் 18

இன்னும் ஒன்று, நேற்று விட்டுப்போனது.

என்னை முதலில் கூட்டிப்போனவர் மன்னான் பழங்குடியைச் சேர்ந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். சின்னமனூர் என்றேன். "அப்ப நம்ம தண்ணி குடிச்சு வளந்தவங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அது தலைக்குள்ளேயே இருந்தது. சுரங்கம் வழியாக எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அவர்கள் முன்னோர் வாழ்ந்த நிலம். தண்ணீர் ஏறியது, நிலம் போனது, பின்னால் அவர்களைக் காட்டை விட்டுக் குமுளி ஓரத்தில் குடியமர்த்தினார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இருக்கிறது. எங்கள் பக்கம் அணை கட்டிய பென்னிகுக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், அவர் படத்தை வீட்டில் மாட்டுகிறோம். அது சரியான நன்றிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மன்னான் என்ற பெயர் எனக்கு முப்பத்தெட்டு வயதுவரை தெரியாது என்பதுதான் வருத்தம்.

2024 நவம்பர் 21

பெண்கள் யாரும் இந்த வேலையில் இல்லையா என்ற கேள்விக்கு: இருக்கிறார்கள். வசந்தசேனா என்ற குழு 2002இல் இருந்து இருக்கிறது. காட்டை ஒட்டி வாழும் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, சிறு சிறு குழுவாக, தினமும் காட்டோரம் ரோந்து நடக்கிறார்கள். சந்தனமரம் வெட்ட வருகிறவர்கள் இவர்கள் நடக்கும் வழியைத் தவிர்ப்பார்கள். கூலி வாங்காமல் நடக்கத் தொடங்கியவர்கள்.

கூலி வாங்காமல் என்று பெருமையாக எழுதிவிட்டு நிறுத்தி யோசிக்கிறேன். வீட்டு வேலை, தோட்ட வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் மனதார முன்வந்தது உண்மை, அந்த அக்கறையைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஆண்கள் நடந்தால் வருமானம், பெண்கள் நடந்தால் சேவை என்று ஆகிவிடக் கூடாது.

2024 நவம்பர் 22

கண்ணகி கோயிலுக்கும் இப்படி நடந்து போகலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. மங்கலதேவி கோயில் காப்பகத்துக்குள் இருக்கிறது, சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் திறப்பு. அன்றைக்குக் குமுளியில் இருந்து ஜீப், நம் பக்கம் பளியன்குடியில் இருந்து நடை. இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். மற்ற நாட்களில் எல்லைமலை நடை என்று ஒரு முழுநாள் நடை இருக்கிறது. அதில் மலை முகட்டில் நின்றால் ஒரு பக்கம் காடு, மறு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். தெளிவான நாளில் எங்கள் ஊர் எந்தத் திசை என்று கை காட்ட முடிந்தது.

கண்ணகி என்றதும் நினைவு வந்தது. மன்னான் மக்களின் கூத்து கோவலன் கண்ணகி கதைதான். தாங்கள் மதுரைப் பக்கம் இருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வாய்மொழி வரலாறு.

2024 நவம்பர் 30

தமிழ்நாட்டில் இப்படி எதுவும் இல்லையா என்று இங்கே கோபமாக எழுதியிருப்பவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காரமடைக்கு மேலே பரளிக்காட்டில் பழங்குடி மக்கள் பில்லூர் அணை நீரில் பரிசல் ஓட்டி, தாங்களே சமைத்துச் சாப்பாடு போட்டு, வருடக்கணக்காக நடத்துகிறார்கள். இந்த அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது, காட்டை ஒட்டிய ஊர்களின் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் போனவர்களை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அனுமதி, வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல், மூன்றையும் யாரும் தொந்தரவாக நினைக்க வேண்டாம்.

2024 டிசம்பர் 3

இரவு நடை பற்றி. ஏழு மணி போலக் கிளம்பி மூன்று மணி நேரம், காட்டின் ஓரத்தில் வாட்சர்களோடு. பார்க்க முடிந்தது டார்ச் வெளிச்சத்தில் மின்னிய மிளா மானின் கண்கள் மட்டும். ஒரு இடத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் நின்றோம். தவளை, பூச்சி, எங்கோ கிளை ஒடியும் சத்தம். ஒடிப்பது யானை என்று காதோடு சொன்னார் பக்கத்தில் நின்றவர். அந்த ஐந்து நிமிடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

15 வயதுப் பையனுக்கு இது பிடிக்கும். வயது விதி நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறு, பதிவு செய்யும்போது இரண்டு பிள்ளைகளின் வயதையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 6

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். யானை இல்லை, காட்டுமாடு இல்லை, கருமந்தி மட்டும். அம்மா படகில் போனார், நீர்நாய் ஐந்து பார்த்தார், வீட்டிலேயே அவர்தான் அதிகம் பார்த்தவர். மாமாவும் நடைக்கு வந்தாராம்.

சின்னவள் ஒரு இருவாட்சி இறகைப் பொறுக்கி எடுத்து, வழிகாட்டி திரும்ப வைக்கச் சொன்னதும் அழுதுவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். அவர் கடுமையாகச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. விதி அதுதான், காட்டில் இருந்து எதுவும் எடுக்கக் கூடாது. எனக்கும் நடந்தது, எனக்கு அது ஒரு கொட்டை. ஏன் என்று கேட்டேன். இந்தக் கொட்டையை இருவாட்சி தின்று எங்கேயோ போட்டால்தான் அடுத்த மரம், உங்கள் பையில் போனால் மதுரையில் முளைக்காது என்றார். அவளிடம் இதைச் சொல்லுங்கள். இறகு முளைக்காது என்று அவள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அடுத்த தடவை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 7

மாமா என்ன சொன்னார் என்று யாருமே எழுதவில்லையே?

2025 ஜனவரி 9

பதில் வந்துவிட்டது. கரடி கீறிய மரத்தை மாமா போட்டோ எடுத்து, வருகிறவர்களிடம் எல்லாம் மேலே குட்டை, கீழே நீளம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறாராம். பிப்ரவரியில் மூங்கில் தெப்பத்தில் முழுநாள் போக வேண்டுமாம், யாரிடம் பதிய வேண்டும் என்று கேட்கிறார். அம்பாடி சந்திப்பில் இருக்கும் சூழல் சுற்றுலா மையத்தில் கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடும், முதல் நாளே குமுளி போய்த் தங்கிவிடுங்கள். கோடை முற்றிவிட்டால் தீ பயத்தில் சில நடைகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் பிப்ரவரி தாண்ட வேண்டாம்.